வாழைக்கன்றுக்கு உயிர் எங்கிருந்து வந்தது?

திருச்சி பெல் தொழிற்சாலையின் குடியிருப்பு கைலாசபுரம். அங்கே வீட்டுக்குப் பின்னால் குளியலறைத் தண்ணீர் போய்ச் சேரும் மூலையில் பெரும்பாலும் ஒரு வாழை நிற்கும். தார் முற்றியதும் தாய் மரத்தை வெட்டிச் சாய்ப்பார்கள். தண்டு கூட்டுக்குப் போகும், இலை பந்திக்குப் போகும், மட்டை காய்ந்து நாராகும். வெட்டுப்பட்ட அடிக்கு ஒரு முழம் தள்ளி, இடுப்பளவு வளர்ந்த கன்று ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும். வீட்டில் ஒரு சாவு விழுந்ததாக யாரும் நினைப்பதில்லை. கல்யாண வீட்டில் ‘வாழையடி வாழையாக’ என்று வாழ்த்துவது இந்தக் காட்சியை வைத்துத்தான்.

உயிர், பிறவி, வினை என்ற கணக்கைக் கறாராகப் போடுகிறவருக்கு மட்டும் அந்த மூலை சங்கடம் தரும். செத்தது எது, பிறந்தது எது? கன்றில் இருப்பது தாயின் உயிரா, வேறோர் உயிரா? வேறு என்றால் அது எந்தக் கணத்தில் வந்து புகுந்தது?

செடிக்கு ஏது உயிர்க்கணக்கு என்று தள்ளிவிட நம் மரபு இடம் கொடுப்பதில்லை. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று தொல்காப்பியம் வகுத்துவிட்டது. சைவர்களின் நால்வகைத் தோற்றத்தில் முட்டை, வியர்வை, கருப்பை ஆகியவற்றோடு உற்பிச்சமும் ஒன்று. வித்திலிருந்தும் வேரிலிருந்தும் கிழங்கிலிருந்தும் முளைப்பவை எல்லாம் அதில் அடக்கம். ஆக, வாழைக்கன்றும் பிறவி எடுத்த ஒன்றே. எடுத்தது யார் என்பதுதான் கேள்வி.

கைலாசபுரத்திலிருந்து ஊரைத் தாண்டி, மண்ணச்சநல்லூர் வழியாகப் போனால் திருப்பைஞ்ஞீலி. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். தலவிருட்சம் வாழை. கல்யாணம் தள்ளிப்போகிற ஆணும் பெண்ணும் அங்கே வந்து கல்வாழைப் பரிகாரம் செய்துகொள்கிறார்கள். அந்த வாழையின் பழத்தை மனிதர்கள் தின்பதில்லை, சுவாமிக்குப் படைத்து நீரில் விட்டுவிடுவார்கள் என்பது கோயில் வழக்கம். ஒருவருடைய தோஷத்தை வாங்கிக்கொள்ளும் தகுதி ஒரு செடிக்கு இருக்கிறது என்று நம்பினால்தான் இந்தப் பரிகாரத்துக்கே பொருள் உண்டு. ஆனால் அப்பர் பார்த்த வாழையும் இன்று நிற்கும் வாழையும் ஒன்றா? திருவானைக்காவலின் வெண்ணாவலைப் பற்றி இந்தக் கேள்வி எழாது. மரம் என்றால் அடிமரம் ஒன்றுதான், வயது ஏறிக்கொண்டே போகும். வாழையோ ஒரு முறை குலை தள்ளினால் அதோடு சரி. பதிமூன்று நூற்றாண்டில் எத்தனை அடிகள் போய் எத்தனை கன்றுகள் வந்திருக்கும்! கோயில் அதை ஒரே தலவிருட்சம் என்கிறது. கோயில் சொல்வதற்கு உயிரியலும் ஓரளவு துணை நிற்கிறது. அந்தத் துணை எவ்வளவு தூரம் வரும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

திருச்சி பூவனையும் ரஸ்தாளியையும் எடுத்துக்கொள்வோம். தாயனூரில் 1993 முதல் இயங்கிவரும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: இவற்றின் ஒவ்வொரு செல்லிலும் 33 குரோமோசோம்கள். பதினொன்று கொண்ட தொகுதி மூன்று. காட்டு வாழைகளுக்கு இரண்டே தொகுதி, 22. காட்டு வாழைப் பழத்தை உரித்தால் கறுப்பு மிளகு போல விதை நிறைந்திருக்கும், பல்லை உடைக்கும்.

மூன்று தொகுதி என்பதில்தான் பூவனின் தலையெழுத்து இருக்கிறது. விதை உண்டாக வேண்டுமானால் முதலில் மகரந்தமும் சூல்முட்டையும் உருவாக வேண்டும். அதற்கான செல் பிரிதலில் குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து, ஜோடியில் ஒன்று ஒரு பக்கம், மற்றது மறுபக்கம் என்று விலகும். இரண்டு தொகுதி இருந்தால் தகராறு இல்லை. மூன்று இருந்தால் மூன்றாவது பங்காளி எந்தப் பக்கம் போவது? கிடைத்த பக்கம் போகிறது. ஒரு சூல்முட்டைக்குப் பதிமூன்று, இன்னொன்றுக்குப் பத்தொன்பது என்று கணக்கு சிதறிவிடுகிறது. அப்படிச் சிதறியதில் விதை பிடிப்பது அபூர்வம். கருவுறாமலே சதை பருக்கும் குணமும் வாழைக்கு உண்டு என்பதால் நமக்குப் பழம் மட்டும் தடையில்லாமல் கிடைக்கிறது. விதையின்மைக்கு இது ஒன்றே காரணமில்லை. இரண்டே தொகுதி உள்ள ஏலக்கிக்கும் விதை இல்லை. ஆனால் பூவன், ரஸ்தாளி, நேந்திரன் வரிசைக்கு முதல் முட்டுக்கட்டை இதுதான்.

பால்வழி இப்படி அடைபட்டுக் கிடக்கிற செடி, மறுவழியில் ஒரு பிசகும் இல்லாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஓடிவந்திருக்கிறது. மறுவழி என்பது சாதாரணச் செல் பிரிதல். அங்கே ஜோடி தேவையில்லை. ஒவ்வொரு குரோமோசோமும் தன்னை ஒரு முறை படியெடுத்துக்கொள்ளும், மூலமும் படியும் ஒட்டியே இருக்கும், பிறகு விலகும். 33 என்றாலும் 22 என்றாலும் இந்த வேலைக்கு ஒன்றுதான்.

இதைக் கண்ணால் பார்க்க ஆராய்ச்சி மையம் வரை போக வேண்டியதில்லை. கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் செய்கிற வெங்காய வேர்நுனிப் பாடமே போதும். பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயத்தைத் தண்ணீர் தொட்டும் தொடாமலும் ஒரு குப்பி வாயில் உட்காரவைத்தால் இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் இறங்கும். நுனியை மட்டும் நறுக்கி, நீர்த்த அமிலத்தில் மெதுவாகச் சூடுகாட்டி, அசிட்டோகார்மைன் சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடிச் சில்லுக்கு மேல் ஒற்றுத்தாளை வைத்துக் கட்டைவிரலால் ஓர் அழுத்து. நுண்ணோக்கியில் பெரும்பாலான செல்கள் சும்மா உருண்டை உட்கருவோடு கிடக்கும். நகர்த்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் சிவந்த புழுக்கள் போலப் பதினாறு குரோமோசோம்கள் நடுவில் வரிசை கட்டி நிற்கும். இன்னொன்றில் அந்த வரிசை இரண்டாகி, நடுப்பகுதி முன்னே போக நுனிகள் பின்னே இழுபட, இரு துருவங்களை நோக்கி விலகிக்கொண்டிருக்கும். அமிலத்தில் சூடுகாட்டியபோதே செல் செத்துவிட்டது. நாம் பார்ப்பது நின்றுபோன ஒரு கணம்.

உயிருள்ள செல்லில் அது ஓடுகிற வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு மில்லிமீட்டர் கடக்கப் பதினாறு மணி நேரத்துக்கு மேலாகும். குரோமோசோம் தானாக நீந்திப் போவதில்லை. டியூபுலின் என்ற புரதத்தால் ஆன நுண்குழல்கள் இரு துருவங்களிலிருந்தும் வந்து, ஒவ்வொரு குரோமோசோமின் இடுப்பிலும் உள்ள கைனட்டோகோர் என்ற பிடியைப் பற்றுகின்றன. மூலத்தை ஒரு பக்கம், படியை மறுபக்கம். இரண்டையும் கோஹீசின் என்ற புரத வளையம் சேர்த்துப் பிடித்திருப்பதால் இழுப்பில் விறைப்பு ஏறும். கன்றுக்குட்டியை முளையில் கட்டியவர் ஒரு முறை சுண்டி இழுத்துப் பார்ப்பது போல, செல் அந்த விறைப்பை வைத்துத்தான் முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று அறிகிறது.

இதைக் காட்டியவர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து புரூஸ் நிக்லஸ். வெட்டுக்கிளியின் செல்லுக்குள் மெல்லிய கண்ணாடி ஊசியை நுழைத்து, குரோமோசோம்களைப் பிடிநழுவச் செய்தும் இழுத்தும் 1960களில் சோதனை செய்தவர். 1995இல் அவரும் சகாவும் எடுத்துக்கொண்டது கும்பிடுபூச்சி. அதன் செல்லில் ஒரு குரோமோசோம் ஜோடி கிடைக்காமல், எதிர் இழுப்பு இல்லாமல் தனித்து நின்றால் மற்றவை எல்லாம் தயாராக இருந்தும் செல் பிரியாமல் மணிக்கணக்கில் காத்திருக்கும். அந்த ஒன்றை ஊசியால் இழுத்து விறைப்பை ஏற்றினார்கள். செல் பிரிந்தது. எல்லாப் பிடியும் விழுந்த பிறகு செபரேஸ் என்ற நொதி கோஹீசின் வளையத்தை வெட்டுகிறது. அடுத்த கணம் எல்லாக் குரோமோசோம்களும் ஒருசேர விலகுகின்றன. கடைசி ஆள் வந்து சேராமல் யாரும் புறப்படுவதில்லை என்ற இந்த ஒழுங்கு, வாழைத்தோப்பில் ஒவ்வொரு வேர்நுனியிலும் குருத்திலும் ராப்பகலாக நடக்கிறது.

இந்த விலகலைப் பார்த்தால் உயிர் பிரிகிற இடம் இதுதான் என்று சொல்லத் தோன்றும். ஒன்று இரண்டாகிறது, பிறகென்ன? அவசரப்படக் கூடாது. அப்படிச் சொன்னால் முதல் கேள்வியே பதில் இல்லாமல் நிற்கும்: விலகிய இரண்டில் தாய் எது? 1957இல் ஹெர்பர்ட் டெய்லர் அவரை வகைச் செடி ஒன்றின் வேர்நுனிக்குக் கதிரியக்கம் ஊட்டிய மூலப்பொருளைக் கொடுத்துப் பார்த்தார். பழையது ஒரு பக்கமும் புதியது ஒரு பக்கமும் போகவில்லை. இரண்டிலும் பாதி பழசு, பாதி புதுசு. மேலே ‘மூலமும் படியும்’ என்று எழுதியது பேச்சுக்குத்தான். எது மூலம் என்று சுட்ட அங்கே ஒன்றுமில்லை. மறு ஆண்டே மெசல்சன், ஸ்டால் இருவரும் பாக்டீரியாவின் டி.என்.ஏ.விலும் இதையே கண்டார்கள். தாயின் உயிர் தாயிடமே தங்குகிறது, புது உயிர் சேயிடம் புகுகிறது என்று சொல்ல விரும்புகிறவருக்கு, இந்தப் பக்கம் தாய் என்று சுட்டிக்காட்ட ஓர் அடையாளம்கூட உடம்பில் மிஞ்சவில்லை.

இன்னும் இரண்டு சாட்சிகள் உண்டு, இரண்டும் நம்மூர்ச் சரக்கு. முதலாவது இளநீர். இளம் தேங்காய்க்குள் உட்கரு பிரிந்துகொண்டே போகும், செல்சுவர் மட்டும் எழும்பாது. குரோமோசோம்கள் திரும்பத் திரும்ப விலகி, உட்கருக்கள் பொதுவான ஒரே நீரில் மிதக்கின்றன. வெயிலில் ஓர் இளநீர் வெட்டிக் குடித்தவரை, பல உயிர்களைக் குடித்தார் என்று எந்த சாஸ்திரமும் சொன்னதில்லை. இரண்டாவது தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள். அதன் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்சிசின் நுண்குழல்களைக் கட்டவிடாது. படியெடுப்பு நடந்துவிடும், விலகல் நடக்காது. இரட்டை எண்ணிக்கையோடு ஒரே செல் நிற்கும். தலச்சேரியில் பிறந்து சென்னையில் படித்து, கோயம்புத்தூர்க் கரும்பு நிலையத்தில் பணியாற்றிய குரோமோசோம் அறிஞர் ஜானகி அம்மாள், பிறகு இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்கு இதே கோல்சிசினைக் கொடுத்துப் பார்த்தார். அவர் பெயரைத் தாங்கிய மக்னோலியா இன்றும் இருக்கிறது. அதில் இரண்டு உயிர் ஒடுங்கி இருக்கிறது என்பவர் யாருமில்லை. விலகினாலும் உயிர் இரண்டாவதில்லை, விலகாவிட்டாலும் ஒன்றில் இரண்டு அடைவதில்லை. குரோமோசோம் கணக்கும் உயிர்க்கணக்கும் ஒரே பேரேட்டில் ஏறாது.

அப்படியானால் தத்துவவாதிகள் என்ன சொன்னார்கள்? சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் மகன் சுவேதகேதுவுக்கு ஒரு மரத்தைக் காட்டிப் பாடம் சொல்கிறார். ஒரு கிளையைவிட்டு உயிர் நீங்கினால் அந்தக் கிளை காய்கிறது, முழு மரத்தையும் விட்டு நீங்கினால் மரம் காய்கிறது. கிளை உலர்வதற்கு இது நல்ல விளக்கம். ஆனால் வெட்டிய கிளை வேறிடத்தில் துளிர்ப்பதைப் பற்றி உத்தாலகர் பேச்செடுக்கவில்லை. முருங்கைப் போத்தை நட்டுப் பிழைக்கவைக்கிற எந்தப் பாட்டியும் அவரை மடக்கியிருப்பார்.

ஸ்ரீரங்கத்தின் பதில் இறுக்கமானது. அங்கே வாழ்ந்து, அங்கேயே திருமேனியாக எழுந்தருளியிருக்கும் ராமானுஜர், ஜீவன் அணு என்றார். அது பகுதிகள் அற்றது, பிளக்க முடியாதது, அழிவில்லாதது. உடம்பு முழுக்க உணர்வு இருப்பது, ஓரிடத்து விளக்கின் ஒளி அறை முழுக்கப் பரவுவது போல. இதன்படி கடப்பாரையால் கன்றைப் பெயர்க்கும்போது ஜீவன் இரண்டாகப் பிளக்க வழியே இல்லை. தாயின் ஜீவன் தாயில், கன்றுக்கு வினைவழி வந்த வேறு ஜீவன். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. எப்போது வந்தது என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. கிழங்கின் பக்கவாட்டில் ஒரு மொட்டு முனைந்தபோதா, அது தனி வேர் விட்டபோதா, கடப்பாரை இறங்கியபோதா? மொட்டுக்கும் கிழங்குக்கும் இடையே கோடு எதுவும் கிடையாது. லட்சக்கணக்கான செல் பிரிதல்களின் தொடர்ச்சி மட்டுமே. சைவ சித்தாந்தம் உயிரை வியாபகம் என்று கொள்கிறது. அங்கே வந்து புகுவது என்ற சிக்கல் குறைவு. ஆனால் எங்கும் பரவிய உயிர் எந்த உடம்பை எப்போது தனதாக்கிக்கொள்கிறது என்று கேள்வி வேஷம் மாறித் திரும்பி வரும்.

புத்தருக்கு வாழை பிடித்த உவமை. மட்டையை உரித்துக்கொண்டே போனால் உள்ளே வைரம் இல்லை. மனக்கூறுகளிலும் அப்படித்தான் என்றார். மட்டைகளின் சுருளே மரமாகத் தெரிவதால் தாவரவியலும் இதற்குக் கையெழுத்துப் போடும். குலை தள்ளிய வாழையை உரித்தால் வெள்ளைத் தண்டு இருக்கிறதே என்று தமிழ்நாட்டுச் சமையலறை மட்டும் ஓர் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆன்மா என்ற தனிப்பொருளே வேண்டாம் என்பவருக்குக் கன்றுப் புதிர் புதிரே அல்ல: அதுவும் இல்லை, வேறும் இல்லை, ஒரு தொடர்ச்சி. இதில் விலை கொடுக்க வேண்டிய இடம் வினைக்கணக்கு. தொடர்ச்சி ஒன்று இரண்டாகக் கிளைத்தால் பழவினை எந்தக் கிளையின் தலையில் விடியும்?

இந்தப் புதிருக்கு நேரே முகம் கொடுத்தவர்கள் சமணர்கள்தான். மலைக்கோட்டையில் தாயுமானவர் கோயிலுக்குப் பின்னால் உள்ள பாறையிலும், புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசலிலும் அவர்களுடைய கற்படுக்கைகள் இன்னும் இருக்கின்றன. தாவரங்களை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள்: ஓர் உடம்புக்கு ஓர் உயிர் உள்ளவை, ஓர் உடம்பிலேயே எண்ணற்ற உயிர்கள் குடியிருப்பவை. கிழங்குகள் இரண்டாம் வகை, அனந்தகாயம். வெட்டினால் துண்டுதோறும் முளைக்கிறதே, அப்படியானால் உள்ளே ஏற்கெனவே பலர் இருந்திருக்க வேண்டும் என்பது அந்த யோசனையின் தெம்பு. வெங்காயம், உருளைக்கிழங்கு, இஞ்சி எல்லாம் அவர்கள் சமையலில் இல்லாததற்கு இது ஒரு காரணம். முளைக்கும் தெம்பு மிகுந்தது என்று சமணர் தட்டில் வைக்க மறுத்த அதே வெங்காயத்தை, முளைக்கும் தெம்பு மிகுந்தது என்பதற்காகவே ஆசிரியர் ஆய்வக மேசையில் வைக்கிறார். இருவரும் கண்ட உண்மை ஒன்றே. சமண விளக்கத்தை ஏற்பதும் விடுவதும் அவரவர் பாடு. ஆனால் கண்ணெதிரே முளைக்கிற துண்டைப் பார்த்துக் கோட்பாட்டை வளைத்தார்களே தவிர, கோட்பாட்டுக்காகத் துண்டைப் பார்க்காமல் இருக்கவில்லை. அந்த நேர்மை மற்ற பள்ளிகளில் இந்த விஷயத்தில் குறைவு.

மேற்கிலும் இதே தடுமாற்றம்தான். 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் புனித அகஸ்தீன், மாணவர்கள் பல கால்களுள்ள ஒரு பூச்சியை எழுத்தாணியால் துண்டித்ததையும், துண்டுகள் தனித்தனியே ஊர்ந்ததையும் வியந்து எழுதினார். ஆன்மா பிளக்காது என்ற முடிவை ஒரு பூச்சிக்காகக் கைவிட அவர் தயாராக இல்லை. 1740இல் ஹாலந்தில் ஆபிரகாம் டிரம்பிளே குளத்து ஹைட்ராவை வெட்டினார். துண்டுகள் ஊர்ந்ததோடு நிற்காமல் முழு ஹைட்ராக்களாகவே வளர்ந்தன. ஐரோப்பாவின் சிந்தனையாளர்கள் பல காலம் அதைப் பற்றியே பேசினார்கள்.

இது வெறும் ஏட்டுச் சண்டை என்று நினைத்தால் 1984ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் மேரி வார்னாக் என்ற தத்துவ அறிஞரின் தலைமையில் அமைந்த குழு, மனிதக் கருவை ஆய்வகத்தில் 14 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறையும் அதே எல்லையைத்தான் போடுகிறது. ஏன் 14? ஏறக்குறைய அதுவரை ஒரு கரு இரண்டாகி ஒரே உருவ இரட்டையர் ஆகலாம். இரண்டாகக்கூடிய ஒன்றைத் தனி ஆள் என்று எப்படிச் சொல்வது என்ற வாதம் அதன் பின்னணியில் உண்டு. வாழைக்கன்றுக் கேள்வி சட்டப் புத்தகத்துக்குள் நுழைந்த கதை இது. அங்கேயும் இயற்கை கோடு கிழித்துத் தரவில்லை. மனிதர்கள் கூடிப் பேசி, ஓர் இடத்தில் கிழித்துக்கொண்டார்கள்.

புது வாழை பிறப்பது என்று தயங்காமல் சொல்லத்தக்க இடம் ஒன்றும் உண்டு. 1949இல் ஆடுதுறையில் தொடங்கி, பிறகு கோயம்புத்தூருக்குப் போன வாழை இனக்கலப்புப் பணி அது. திருச்சி மையத்திலும் நடக்கிறது. பூவில் வேறு வாழையின் மகரந்தத்தைத் தடவி, பழுத்த சீப்புகளைக் கையால் பிசைந்து, சல்லடையில் வடிகட்டி விதை தேடுவார்கள். தார் தாராகப் பிசைந்தும் ஒன்றிரண்டுதான் தேறும், சில சமயம் ஒன்றும் தேறாது. கிடைத்த விதையும் மண்ணில் போட்டால் பெரும்பாலும் முளைக்காது. எனவே உள்ளே இருக்கும் கருவை மட்டும் கீறி எடுத்துச் சோதனைக் குழாயில் வளர்ப்பார்கள். கோயம்புத்தூரின் ‘கோ 1’ இப்படி இனம் சேர்த்து வந்த ரகம். அந்த நாற்றில் உள்ள குரோமோசோம் சேர்க்கை அதற்கு முன் உலகில் இருந்ததில்லை. அணு என்பவரும் வியாபகம் என்பவரும் அனந்தகாயம் என்பவரும், இது தனிப் பிறவி என்பதில் ஒத்துப்போவார்கள். ரகம் தேறியதென்றால் அடுத்த வேலை, அதன் குருத்துநுனியைச் சீவி, பாட்டிலில் ஊட்டக்கூழில் வைத்து, ஒன்றைப் பத்தாக்கி, பத்தை நூறாக்கி, திசுவளர்ப்புக் கன்றுகளாக நர்சரிகளுக்கு அனுப்புவது. லால்குடிப் பக்கத்து விவசாயி ஏக்கருக்கு ஆயிரம் கன்றுக்கு மேல் கணக்குப் பார்த்து, தட்டுத்தட்டாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்.